கடலூர் டு சிதம்பரம்: உப்புக்காற்றும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் பெட்டியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் நடராஜர் கோயில் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகும் இந்தத் தார்ச்சாலைக்கு எந்த வண்டியும் போதும்.

சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால்தான் கதை மாறும். புதுச்சத்திரம் பக்கம் சாமியார்பேட்டை மணல், பி.முட்லூரில் திரும்பினால் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை, சிதம்பரத்திலிருந்து போனால் கிள்ளை, பிச்சாவரம் சதுப்பு. இறால் பண்ணைகளின் மண் கரைகளில் ஒரு மழை பெய்தால் போதும், களிமண் சக்கரத்தை விடாது. படகை மணலில் இழுக்க டிராக்டர் வைத்திருக்கும் ஊர்கள் இவை. ஐஸ் பெட்டியும் தீவன மூட்டையும் ஏற்றிக்கொண்டு இந்த மண்ணில் இறங்குகிறவர்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

இந்த வண்டிகளுக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு: வெள்ளம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் வரிசையாகக் கடலுக்கு இறங்கும் மாவட்டம் இது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் ஊர் ஊராகத் தண்ணீர் நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூர் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. அந்த மாதிரி நாள்களில் பால் பாக்கெட்டும் அரிசி மூட்டையும் கொண்டுபோக, பிரசவ வலி வந்தவரை மேட்டுக்கு ஏற்றிவர, உயரமான வண்டிகள்தான் முதலில் தேடப்படும்.

கம்பியிலிருந்து பெட்டிக்கு

அந்தக்கால ஜீப்பில் ஃபோர் வீல் டிரைவ் என்பது ஒரு இரும்புக் கம்பி. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும். பிடித்து இழுத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். ஒயர் இல்லை, விளக்கு இல்லை. தண்ணீரில் மூழ்கினாலும் அந்தக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

இன்றைய பிக்கப்புகள் பலவற்றில் கம்பிக்குப் பதில் ஒரு திருகு சுவிட்ச். 'டூ ஹெச்' என்றால் பின் சக்கரங்கள் மட்டும். 'ஃபோர் ஹெச்' என்றால் நான்கும். 'ஃபோர் எல்' என்றால் நான்கும் சேர்ந்து, மெதுவாக, முழு பலத்தோடு. சுவிட்சைத் திருப்பியதும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டிக்குச் செய்தி போகிறது. அதுதான் கன்ட்ரோல் மாட்யூல். வண்டி என்ன வேகத்தில் போகிறது, கியர் எதில் இருக்கிறது என்று அது பார்க்கும். சரியென்றால் வண்டிக்கு அடியில் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் சின்ன மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று ஒரு சென்சார் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் மீட்டரில் விளக்கு சிமிட்டும்.

பெரும்பாலும் அந்த விளக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. வண்டி டூ ஹெச்சில் சாதாரணமாக ஓடுகிறதே! ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யவில்லை என்பது தெரியவருவது, அது இல்லாமல் முடியாது என்ற நாளில்தான். முழங்கால் தண்ணீரில், பின்னால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது தெரியவருவதைவிட, வாசலில் நிற்கும்போது தெரிவது நல்லது.

பெட்டியா, களிம்பா?

செம்பில் களிம்பு போல என்று சைவ சித்தாந்தத்தில் ஒரு பழைய உவமை உண்டு. ஒயருக்குள் இருப்பதும் செம்புதான். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. கப்ளருக்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இறங்கினால், சில வாரங்களில் பின்கள் பச்சை பூத்துவிடும். அதில் மின்சாரமும் ஓடினால் அரிப்பு பல மடங்கு வேகம். சாவியை எடுத்துவிட்டாலும் பல மாட்யூல்களுக்குப் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். தண்ணீரில் நின்ற வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றச் சொல்வது அதனால்தான்.

ஆகவே, விளக்கு சிமிட்டியதும் 'மாட்யூல் போச்சு' என்று முடிவுகட்டுவது அவசரம். அது விலை குறைந்த சாமான் அல்ல. கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதை முதலில் மாற்றினால், புதுப் பெட்டியிலும் அதே விளக்கு சிமிட்டும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் பேட்டரி: வோல்டேஜ் குறைந்தாலே மோட்டார் பாதியில் நின்றுவிடும். அடுத்து ஃபியூஸ், ரிலே. அடுத்து எர்த் ஒயர்: சேஸியில் முடுக்கிய இடம் துருப்பிடித்திருக்கிறதா? அடுத்து வண்டிக்கு அடியில் மோட்டார் கப்ளர். மணலும் உப்பும் நேராகப் படும் இடம் அது. பிறகு மோட்டாரும் சென்சாரும். ஸ்கேனர் போட்டால் எந்தப் பக்கம் குறை என்று கோடு காட்டும். அதுவும் ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல. மாட்யூலுக்குள் போகும் மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்து, சுவிட்ச் சொல்லும் செய்தியும் வந்து, மோட்டாரும் நன்றாக இருந்து, வெளியே மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால்தான் பெட்டியின் மேல் பழி.

மாற்றும்போது

மாற்றுவது ஸ்பேனர் வேலையாகப் பார்த்தால் சுலபம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பெட்டி பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு உள்ளேயோ பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் மாறும். கப்ளரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். பழைய பெட்டியின் பார்ட் நம்பரும் புதியதன் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். புதிய மாடல்களில் பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது. 'நீ இந்த வண்டியின் பெட்டி' என்று கம்ப்யூட்டர் வைத்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிலவற்றில் மோட்டார் எங்கே நிற்கிறது என்பதையும் புதிதாகக் கற்றுத்தர வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி தேடுகிறவர்கள், வாங்கும் முன்பே இதைச் செய்துதர ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சாமான் வர நாளாகும் என்றால் கவலை வேண்டாம். சிதம்பரத்தில் காத்திருப்பவருக்குக் கத்தரிக்காய் கொத்சு இருக்கிறது.

வேலை முடிந்ததும் சோதனை ஓட்டத்தைத் தார்ச்சாலையில் வைக்கக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் சுற்றும். மணலில் சக்கரம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, அந்த முறுக்கு முழுவதும் கியர்களிலும் ஷாஃப்டிலும் ஏறும். இந்த வகைப் பிக்கப்புகளுக்குக் கடற்கரை மணலோ, ஏரிக்கரை மண்பாதையோதான் சரியான பரீட்சைக் கூடம். ஃபோர் ஹெச், பிறகு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஃபோர் எல், திரும்ப டூ ஹெச். மூன்றிலும் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தாலோ அணைந்தாலோ பாஸ்.

புரட்டாசியிலேயே

சில பழக்கங்கள் செலவே இல்லாதவை. கடற்கரையில் ஓட்டிய அன்றே வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவுவது. மாதம் ஒருமுறை மண் தரையில் சுவிட்சைத் திருப்பிச் சில மீட்டர் ஓட்டுவது. சும்மா கிடந்தால் மோட்டார் இறுகிவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை, காயுமுன் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் இருப்பது.

இந்தக் கரையில் ஐப்பசியும் கார்த்திகையும் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலைக்கூரை வேய்கிறவர்களும் வாய்க்கால் தூர்வாருகிறவர்களும் அதற்கு முன்பே வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். சிமிட்டும் அந்தச் சின்ன விளக்குக்கும் புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். கப்ளரைத் துடைத்ததிலேயே சரியாகிவிட்டால் செலவு மிச்சம். பெட்டியையே மாற்ற வேண்டியிருந்தால், மழைக்கு முன் அதற்கு நேரமாவது இருக்கும்.