கழுத்து திரும்பட்டும், அப்புறம் கால்

இரவிபுத்தன்துறையில் மாலை நாலரைக்கும் மணல் சுட்டது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பந்தை இடது காலோடு ஒட்டவைத்தபடி நான்கு பேரைத் தாண்டினான். ஐந்தாவது ஆள் பந்தைத் தட்டிப் பறித்துவிட்டான்.

"லேய் மக்கா, வலப்பக்கம் ஒருத்தன் ஒத்தைக்கு நின்னானே, பாத்தியா?"

பையன் இல்லையென்று தலையாட்டினான். பயிற்சியாளர் திட்டவில்லை. "ஓட்டத்தக் கொறச்சிராத. பாத்துட்டு ஓடு" என்றார். காலையில் ஏலக்கூடத்தில் மீன் எடை போடுகிறவர். மாலையில் சம்பளமில்லாத இந்த வேலை.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு மீனவக் கிராமங்கள். எல்லாவற்றிலும் கால்பந்து உண்டு. 1994-ல் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளைக் கடந்து ஏடிகேவுக்குப் போனார். பந்தோடு பாய்கிற அவரைப் பயிற்சியாளர் ஹபாஸ் இடது ஓரம் முழுவதும் ஏறி இறங்க வைத்தார். 2019-20-ல் அந்த அணி ஐஎஸ்எல் கோப்பையை வென்றது.

பந்தோடு ஓடுகிறவனை என்ன செய்வது என்ற சிக்கல் அமெரிக்கக் கால்பந்திலும் உண்டு. அங்கே குவார்ட்டர்பேக் என்பவர் நின்று, பார்த்து, பந்தை எறிய வேண்டியவர். 2018-ல் பால்டிமோர் ரேவன்ஸில் சேர்ந்த லாமர் ஜாக்சனோ ஓடத் துடிக்கிறவர். அவரை வேறு இடத்தில் ஆடவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அணியோ அவர் கால்களை நம்பியே ஆட்டத்தை வகுத்தது. மறு ஆண்டு அவர் ஓடியது 1,206 யார்டு, எறிந்த டச் டவுன்கள் 36. ஓடுகிறவனை ஓடவிட்டுக்கொண்டே பார்க்கவும் பழக்குவதுதான் பயிற்சியில் ஆகக் கடினமான வேலை என்று எனக்குப் படுகிறது.

இங்கே அதற்கு வழி விரல்கள். பந்து வருவதற்குள் பையனின் முதுகுக்குப் பின்னால் பயிற்சியாளர் விரல் நீட்டுகிறார். கழுத்தைத் திருப்பி எண்ணிச் சொன்ன பிறகே பந்தைத் தொடலாம்.

"எத்தன?"

"மூணு!"

"ரெண்டுலே. திரும்ப."

இருபது முறையாவது நடந்தது. கடலில் கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் நேர்வைத்து இடம் பார்த்த பிறகுதானே வலை இறங்கும், அதுபோல்தான் என்றார். அந்தப் பையனின் அப்பா ஆழ்கடல் விசைப்படகில் வாரக்கணக்கில் போகிறவர். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது நிற்கப் பழகுவது. முழு வேகத்தில் வந்து, விசில் கேட்டதும் மூன்று குட்டை எட்டில், முட்டி மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும். மணல் அதிர்வை வாங்கிக்கொள்ளும். கெட்டித் தரையில் அது முட்டிக்குத்தான் போகும். அதற்கும் பழகட்டும் என்று வாரம் இரண்டு நாள் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறார். 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜின் முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவமே போனதை இந்த ஊர் மறக்கவில்லை.

இருட்டும் நேரம். பையன் மறுபடி பாய்ந்தான். இரண்டு பேரைத் தாண்டி, சட்டென்று நின்று, தலையைத் தூக்கி, பழகாத வலது காலால் பந்தை ஓரத்துக்குத் தள்ளினான். வாங்கியவன் அதை வானத்துக்கு உதைத்தான்.

"பந்த நான் எடுக்கேன்" என்று பயிற்சியாளர் அலையை நோக்கி ஓடினார்.