வலது பொத்தான் கேட்கும் கேள்வி

கணினியின் எலிக்கு இரண்டு பொத்தான்கள். இடது பொத்தான் கட்டளையிடும்: திற, தேர்ந்தெடு, இழு. வலது பொத்தான் கேள்வி கேட்கும்: 'இதை வைத்து இங்கே என்னவெல்லாம் செய்யலாம்?' உடனே ஒரு சின்னப் பட்டியல் விரியும். கோப்பின் மேல் அழுத்தினால் வெட்டு, நகலெடு, பெயர் மாற்று, நீக்கு. வெற்றிடத்தில் அழுத்தினால் வேறு பட்டியல். சில வரிகள் மட்டும் மங்கலாகத் தெரியும். அப்படி ஒரு வசதி இருக்கிறது, இப்போது உங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

இத்தனை பொத்தான்கள் மனிதனுக்குத் தேவையா என்று நிபுணர்களே தடுமாறினார்கள். 1968 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் காட்டிய எலிக்கு மூன்று பொத்தான்கள். ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்று நினைத்த ஆப்பிள், 1984-ல் மெக்கின்டாஷுக்கு ஒன்றே போதும் என்றது. 1995-ல் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் எதைக் கண்டாலும் வலது பொத்தானை அழுத்திப் பார்க்கும் பழக்கம் வீடு வீடாகப் பரவியது.

குழப்பம் பற்றிய அச்சத்துக்குத் தில்லிக் குழந்தைகளிடம் பதில் இருந்தது. 1999 ஜனவரி 26 அன்று, கல்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய தன் அலுவலகச் சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பதித்தது என்.ஐ.ஐ.டி. நிறுவனம். யோசனை இயற்பியலாளர் சுகதா மித்ராவுடையது. ஆசிரியர் கிடையாது. திரையில் இருந்ததோ ஆங்கிலம். இருந்தும் பிள்ளைகள் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்கள். பெயர் தெரியாதவற்றுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். திரையில் நகரும் அம்பு 'சூயி', அதாவது ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரம் சிவனின் உடுக்கை.

இதைக் கேட்டு உலகமே கைதட்டியது. ஆனால் 2000-ல் தில்லி அரசும் இதே பாணியில் அமைத்த கணினிகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் மார்க் வார்ஷவர் உற்சாகமடையவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைந்தார்கள், விளையாடினார்கள். அவர்கள் மொழியில் அதில் அதிகம் இல்லை. விரல் பழகிவிட்டது. விரிந்த பட்டியலில் இருந்த சொற்கள்தான் புரியவில்லை.

கல்காஜிக்கு வடக்கே சில கிலோமீட்டரில், ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டி இருந்தது மதராசி கேம்ப். பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம். பெண்கள் பலருக்கு அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை. பிள்ளைகள் பலருக்கு லோதி எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளி. வாய்க்காலில் வெள்ளம் வடியத் தடையாக இருப்பதாகச் சொல்லி, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று முதலில் அறிவிக்கப்பட்டவை 189. அந்த வீடுகளும் தில்லியின் வட கோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். வேலையும் பள்ளியும் இந்தப் பக்கம். வீடு அந்தப் பக்கம். மற்றவர்களுக்கு அந்த வரி மங்கலாகவே தெரிந்தது.

தகுதி என்பது கடைசியில் காகிதம்: ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், ஆதார். இன்று இவை யாவும் கணினிக்குள் இருக்கின்றன. மனு போடுவதும் திருத்துவதும் பெரும்பாலும் யாரோ ஒருவர் கையால். மேசைக்கு அப்பால் அவர் சொடுக்குகிறார். இப்பால் நிற்பவர் திரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "ஆச்சுங்களா?" என்று மட்டும் கேட்கிறார். விலாசத்தை மாற்ற முடியுமா, மறுத்தால் மேல்முறையீடு உண்டா, கடைசித் தேதி எது என்ற வரிகள் அவர் கண்ணில் படுவதே இல்லை.

எலியைத் தமிழில் 'சுட்டி' என்றும் சொல்கிறோம். துருதுருப்பான பிள்ளைக்கும் அதே பெயர். பொருத்தம்தான். சொடுக்கக் கற்றுத்தர வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்பதைக் கல்காஜி காட்டிவிட்டது. அந்தப் பிள்ளை அம்மாவோடு மேசைக்குப் போய், திரையைத் திருப்பச் சொல்லி, பட்டியலை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். மங்கிய வரி ஏன் மங்கியது என்று கேட்கவும் வேண்டும்.