மேட்டில் மட்டும் சூடாகும் வண்டி

சேலத்தில் இருந்து தர்மபுரி பக்கம் பஸ்ல போனவங்க தொப்பூர் மேட்டைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. ஏறுற பக்கம் ஓரமா ரெண்டு லாரியாவது நிக்கும். முன்னாடி மூடி தூக்கியிருக்கும், டிரைவர் கையில தண்ணி கேன் இருக்கும். நாம ஜன்னல் வழியா பார்த்துட்டு, "என்ஜின் ஹீட் ஆயிடுச்சு போல" என்று சொல்லிட்டு ஹெட்போனை மாட்டிக்குவோம். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஏழெட்டு வியாதி இருக்கு. அதில் எது என்று தெரியாம பட்டறையில் பணத்தைக் கொட்டினவங்க நிறைய பேர்.

என் தாய்மாமா டிரெய்லர் ஓட்டுகிறார். சங்ககிரியில் முதலாளியோட ஷெட். ஸ்டீல் காயில் ஏத்திக்கிட்டு ஓசூர் போறது வழக்கமான டிரிப். வண்டியும் சரக்கும் சேர்ந்து 40 டன் வரும். போன மே மாசத்தில் இருந்து அந்த வண்டி தொப்பூர்லயும் மேலுமலையிலயும் சூடாக ஆரம்பிச்சது. சமதளத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. முள் பாட்டுக்கு நடுவில் நிக்கும். மேடு ஏறும்போது மட்டும் சிவப்பைப் பார்த்து நகரும்.

இதில் "மேட்டில் மட்டும்" என்பதுதான் முக்கியமான தகவல். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 டன் வண்டி சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, டயர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் சேர்த்து சுமார் 65 கிலோவாட் போதும். அதே வண்டி 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏற்றத்தில் வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 100 கிலோவாட் வேணும். டீசல்ல இருக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு கூலன்ட்டுக்குத்தான் போகுது. அப்படிப் பார்த்தா சமதளத்தில் ரேடியேட்டர் 40 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளினா போதும், மேட்டில் 60க்கு மேல தள்ளணும். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 30 சேர்ந்த மாதிரி! ஆனா எதிர்க்காற்று 60ல் இருந்து 20க்கு இறங்கிடுச்சு. ஒண்ணரை மடங்கு சூடு, மூணில் ஒரு பங்கு காற்று. மீதிக் காற்றை ஃபேன்தான் இழுத்துக் கொடுக்கணும்.

அதனால சிக்னல்ல நிக்கும்போது சூடாகி, ஓடினா இறங்குற வண்டின்னா முதல்ல ஃபேனைப் பார்க்கலாம். சமதளத்தில் வேகமாப் போகும்போதே சூடாகுதுன்னா தண்ணி குறைவு, பம்ப், ரேடியேட்டருக்குள்ள அடைப்பு இதெல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும். மேட்டில் மட்டும்னா எல்லாமே வேலை செய்யுது, ஆனா கையிருப்பு தீர்ந்து போச்சு என்று அர்த்தம். எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருக்கு.

பட்டறையில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கல. முதல்ல ரேடியேட்டர் மூடியை மாத்தினாங்க. அது தப்பு இல்லை, மலிவான வேலை, மூடியும் முக்கியமான உறுப்புதான். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சா வெறும் தண்ணியே சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். (அதே காரணத்தால்தான் சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் போயிடும், 100 டிகிரிக்கு மேல இருக்கிற தண்ணி ஆவியாகி முகத்துல அடிக்கும்.) அடுத்து தண்ணியை மாத்தினாங்க. மூணாவதா தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூரப் போட்டாங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே, தண்ணி ஃப்ரீயா ஓடட்டும்" என்று மேஸ்திரி சொன்னாராம்.

அதுக்கப்புறம் நிலைமை விசித்திரமாச்சு. சமதளத்தில் முள் நடுவுக்கே வரல, கீழேயே கிடந்தது. ஆனா தொப்பூர்ல முன்னை விட அதிகமா ஏறி சிவப்பைத் தொட்டது. முதலாளி ஒரே முடிவுக்கு வந்தார். "ரோட்டுல ஜில்லுன்னு ஓடுற வண்டி மேட்டுல ஹீட் ஆகுதுன்னா ஓட்டுறவன்கிட்டதான் கோளாறு." சின்ன கியர்ல போட்டு என்ஜினை முறுக்கி டீசலையும் கொட்டுறார், என்ஜினையும் கெடுக்கிறார் என்று மாமா மேல பழி. ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அந்தச் செலவில் பாதியை டிரைவர் பேட்டாவில் பிடிப்பேன் என்றார். ரெண்டு டிரிப்புக்குப் பிடிக்கவும் செஞ்சார்.

எனக்குக் கோபம் வந்தது இங்கதான். ஏன்னா மாமா செஞ்சது முழுக்கச் சரி. ஃபேனும் தண்ணி பம்பும் என்ஜின் சுத்துற வேகத்தில்தான் சுத்தும். ஒரே வேகத்தில் மேடு ஏற, பெரிய கியர்ல 1200 ஆர்.பி.எம்.ல திணறினாலும் சின்ன கியர்ல 1800ல இழுத்தாலும் வெளியேத்த வேண்டிய சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். 1800ல ஃபேன் ஒண்ணரை மடங்கு வேகமா சுத்தும், பம்பும் கூடுதலாத் தண்ணியைத் தள்ளும். கொஞ்சம் டீசல் கூடப் போகும், அது உண்மை. மாமா பத்தாவது வரைக்கும்தான் படிச்சவர். "வண்டி முக்கக் கூடாது மாப்ள, முக்குனா ஹீட்டு" என்று அவர் சொல்றதும் இதேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். எங்க புராஜெக்ட்டுக்கு வாங்கின ஐ.ஆர். தெர்மாமீட்டரைக் கையோட எடுத்துக்கிட்டேன்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டி. கேஸ்கட் சந்தேகத்தைத் தீர்க்க அதுதான் நல்ல நேரம். கேஸ்கட் போயிருந்தா சிலிண்டர்ல எரியுற வாயு தண்ணிக்குள்ள புகும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணின உடனே டேங்க்ல நிக்காம குமிழி வரும், தண்ணி சூடாகிறதுக்கு முன்னாடியே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும். இங்க குமிழி இல்லை, ஹோஸ் மெத்துன்னு இருந்தது. டிப் ஸ்டிக்ல ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கான்னு பார்த்தோம், இல்லை. மேட்டுல கூட தண்ணி குறையலன்னு மாமா சொன்னார். கேஸ்கட் மேல இருந்த சந்தேகம் பெருமளவு போச்சு.

அடுத்தது ஃபேன். இந்த வண்டியில விஸ்கஸ் கிளட்ச். ரேடியேட்டர்ல இருந்து வர்ற காற்று சூடானா, முன்னாடி இருக்கிற பைமெட்டல் சுருள் ஒரு சின்ன வழியைத் திறக்கும். சிலிக்கான் ஆயில் உள்ளே ஓடி ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். பிடிச்சா காதுக்கே தெரியும், விமானம் கிளம்புற மாதிரி இரைச்சல். "மேட்டுல இரையுதா மாமா?" என்று கேட்டேன். "இரையுது, கேபின்ல பேச முடியாது" என்றார். என்ஜினை நிறுத்திட்டு கையால சுத்திப் பார்த்தா லேசா இறுக்கமா இருந்தது, ஆயில் கசிவும் இல்லை. ஃபேன் நல்லா இருக்கு.

பிறகு என்ஜினைச் சூடாக்கி ரேடியேட்டர் முழுக்கத் தெர்மாமீட்டரை ஓட்டினோம். ஒரு விஷயம், பளபளக்கிற அலுமினியத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அங்கங்க ஒட்டி அது மேல அளக்கணும். ரேடியேட்டர் குழாய்க்குள்ள உப்பு படிஞ்சு அடைச்சிருந்தா, சூடான தண்ணி போகாத இடம் குளிர்ந்த திட்டாத் தெரியும். அப்படி ஒரு திட்டும் இல்லை. அதாவது, மேஸ்திரி அடுத்ததா எழுதிக் கொடுத்திருந்த புது ரேடியேட்டர் தேவையே இல்லை.

மிச்சம் இருந்தது காற்று போற வழி. முன்னாடி நின்னு பார்த்தா சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நாம முன்னாடி பார்க்கிறது ரேடியேட்டரை இல்லை, அதுக்கு முன்னாடி நிக்கிற இன்டர்கூலரை. ரெண்டுக்கும் நடுவில் ரெண்டு விரல் அளவுக்கு இடைவெளி. மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடிச்சா உள்ளே வைக்கோல், பூச்சி, தூசி எல்லாம் ஆயில் பிசுக்கோட சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. இன்டர்கூலரைத் தளர்த்தி, பின்பக்கம் இருந்து முன்பக்கமாத் தண்ணி அடிச்சுக் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் கன்னை முழு அழுத்தத்தில் வெச்சா மெல்லிய தகடுகள் மடங்கிடும், அதனால சாதாரண ஹோஸ்தான். ரெண்டரை மணி நேரம் ஆச்சு. கிளீனர் பையன் ஒரு சின்ன பக்கெட் நிறைய அள்ளிப் போட்டான்.

முதல் வியாதி அதுதான். ரெண்டாவது வியாதியைக் கொடுத்தது வைத்தியம். தெர்மோஸ்டாட் தண்ணியைத் தடுக்கிற கதவு மட்டும் இல்லைங்க. இந்த மாதிரி டீசல் என்ஜின்ல அதுக்கு ரெண்டு வேலை. குளிர்ல ரேடியேட்டர் வழியை மூடி, தண்ணியை பைபாஸ் வழியா என்ஜினுக்கே திருப்பும். சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறந்து, அடிப்பக்கத் தட்டால பைபாஸை அடைக்கும். வால்வைக் கழட்டினா ரெண்டு வழியும் எப்பவும் திறந்தே கிடக்கும். சமதளத்தில் தேவைக்கு மேல குளிரும், முள் கீழே கிடக்கும். மேட்டுல ஒவ்வொரு சொட்டும் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய நேரத்தில் ஒரு பங்கு தண்ணி குளிராமலேயே என்ஜினுக்குத் திரும்பி வந்துடும். முதலாளி "ரோட்டுல ஜில்லுன்னு ஓடுது" என்று டிரைவருக்கு எதிரா சாட்சி சொன்னாரே, அதுதான் இந்தக் கோளாறுக்கு அடையாளம்.

புது வால்வு வாங்கினோம். அதையும் சும்மா மாட்டல. அத்தை கொடுத்த பழைய சட்டியில தண்ணி வெச்சு, வால்வை நூல்ல தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் போட்டுக் கொதிக்க வெச்சோம். 82 என்று முத்திரை குத்தியிருந்தது, 83ல வாயைத் திறந்தது. "சமைக்கிறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா" என்று அத்தை கேட்டாங்க. கூலன்ட்டைக் கம்பெனி சொன்ன அளவுக் கலவையில் ஊத்தி, காற்றுக் குமிழி போற வரைக்கும் என்ஜினை ஓடவிட்டு மூடினோம்.

புதன்கிழமை அதே 40 டன்னோட ஓசூர் டிரிப். மத்தியானம் 2 மணி வெயில்ல தொப்பூர் ஏறிட்டு மாமா போன் பண்ணினார். முள் நடுவைத் தாண்டி ஒரு கோடு போச்சாம், ஃபேன் இரைஞ்சதாம், மறுபடி நடுவுக்கே வந்துடுச்சாம். எந்த கியர்ல ஏறினீங்கன்னு கேட்டேன். "எப்பவும் போடுறதுதான்" என்றார்.

முதலாளிகிட்ட நான் பேசல. மாமா அந்த பக்கெட்டைக் கொண்டு போய் அவர் மேசை பக்கத்தில் வெச்சுட்டு வந்திருக்கார். கேஸ்கட் பேச்சு அதோட நின்னுடுச்சு. பிடிச்ச பேட்டாவில் ஒரு டிரிப்புக்கானது வந்தாச்சு, இன்னொண்ணு இன்னும் வரல.