ரிங்கிட் கணக்கு

மார்ச் 4, 2022

சித்திரை விடுமுறைக்கு மலேசியா. கணக்கு டீச்சர், சங்கீத டீச்சர், நான். கோலாலம்பூரில் பொது அறையில் ஒரு கட்டில், இரவுக்கு 40 ரிங்கிட். பத்துமலைக்குப் புறநகர் ரயிலில் போக மூன்று ரிங்கிட் இருந்தால் போதும். கோயிலில் டிக்கெட் இல்லை. 272 படிகளும் இலவசம். அங்கிருந்து கேமரன் மலைக்கு பஸ், 35 ரிங்கிட். சாப்பாட்டுக்கு நாளுக்கு 30. ஒரு ரிங்கிட் 48 இலங்கை ரூபாய். சீட்டுக்காசு கைக்கு வந்தால் தாராளமாகப் போய்வரலாம் என்று கணக்கு டீச்சர் சொல்லிவிட்டார். இந்தக் கிழமை ஏழரை மணி நேர மின்வெட்டு என்பதால் இதையெல்லாம் மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் கூட்டிக் கழித்தோம்.

மார்ச் 9

ஏப்ரல் 1 முதல் எல்லையைத் திறப்பதாக மலேசியப் பிரதமர் நேற்று அறிவித்திருக்கிறார். தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் கிடையாது. ஓய்வறையில் சங்கீத டீச்சர் பாடியே விட்டார்.

அதற்கு முதல் நாள்தான் நம் மத்திய வங்கி டாலரை அவிழ்த்துவிட்டது. 200 சொச்சத்தில் கட்டிப் பிடித்து வைத்திருந்ததை இனி 230 வரை விடலாமாம். கணக்கு டீச்சர் மட்டும் பாட்டைக் கவனிக்காமல் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 13

டாலர் 230-ல் நிற்கவில்லை. 260. கேமரன் மலையை வெட்டச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றேன்.

மார்ச் 15

ஏன் கேமரன் மலை என்று அம்மாவும் கேட்டார். "தேயிலையப் பாக்கவா காசு குடுத்துப் போற? வாசலுக்கு வா, சும்மாவே காட்டுறேன்."

தாத்தா மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, தலைமன்னார் வழியாக இந்த மலைக்கு ஏறியவர். அவருடைய அண்ணன் நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறினார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் பால்மரம் வெட்டினாரா, தேயிலைக்குப் போனாரா, ரோடு போட்டாரா, யாருக்கும் தெரியாது. கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்த மலையும் ஏறக்குறைய நம் ஹட்டன் உயரம், அதே குளிர். இன்று அங்கே வேலை செய்பவர்களில் பலர் நேபாளிகள், வங்காளதேசத்தவர். கொழுந்தை இயந்திரத்தால் வெட்டுகிறார்களாம். தமிழ்ப் பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள்.

அம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப அங்க நம்ம ஆளுகளே இல்ல. பொறகு யாரப் பாக்கப் போற?" என்றார்.

மார்ச் 20

டவுனில் ஒரு முகவரிடம் விசாவுக்காகப் போனோம். வங்கிக் கணக்கு விவரம், லீவுக் கடிதம், ஹோட்டல் பதிவு எல்லாம் கொண்டுபோயிருந்தோம். அவர் எதையும் விரித்துப் பார்க்கவில்லை. "எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். "வீட்டு வேலையா, பேக்டரியா?"

சுற்றுலா என்றதும் சிரித்தார். கெட்டவர் இல்லை, டீ வரவழைத்துத் தந்தார். "டீச்சர், இங்க வாறவங்க யாரும் திரும்பி வார டிக்கெட் கேக்கிறதில்ல. நீங்க போயிட்டு வருவீங்கன்னு நான் நம்புறன். எம்பசிக்காரன் நம்பணுமே."

பஸ்ஸில் சங்கீத டீச்சருக்குக் கோபம் அடங்கவில்லை. எனக்குக் கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. எல்ல நகருக்குப் போகும் ரயிலில் வெள்ளைக்காரர்கள் எட்டித் தொங்கிக்கொண்டு, கொழுந்து பறிக்கும் அம்மாமாரைப் படம் எடுக்கிறார்கள். திரும்பிப் போவாயா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அப்பாவின் அக்கா நினைவுக்கு வந்தார். 1964-இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் எங்கள் ஆட்களைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். அத்தை இந்தியப் பங்கு. ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, கூடலூரில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தெடுக்கப் போனார். அவர் 'திரும்பிப்' போன நாட்டை அதற்கு முன்பு கண்ணால் கண்டதே இல்லை. எங்கள் வீட்டில் தூரப் பயணம் போனவர்கள் எல்லோருமே போனவர்கள்தான்.

போய்விட்டு வர வேண்டும். கட்டாயம் வர வேண்டும். திங்கட்கிழமை பாடம் இருக்கிறது.

மார்ச் 22

மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்துவிட்டார்கள். பாடம் இருக்கிறது, கொப்பிதான் இல்லை.

மார்ச் 31

பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. ரிங்கிட் 70 தாண்டிவிட்டது.

ஏப்ரல் 3

ஊரடங்கு. மிரிஹானையில் ஜனாதிபதி வீட்டை ஜனம் சூழ்ந்ததிலிருந்து நாடு கொதிக்கிறது. இன்று முகநூல், வாட்ஸப் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். 'மலேசியா 2022' குழுவில் கடைசியாக வந்த செய்தி கணக்கு டீச்சருடையது: "மண்ணெண்ணெய் எங்க குடுக்கிறாங்க?"

ஏப்ரல் 12

வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. நாங்களும் அறிவித்துக்கொண்டோம். சங்கீத டீச்சரின் சீட்டுக்காசு மகளின் கண்ணாடிக்கும் பால்மாவுக்கும் போகிறது. என்னுடையது கோதுமை மா மூட்டைக்கும் மண்ணெண்ணெய்க்கும். பெரிய கவலை ஒன்றும் இல்லை. இரவு முழுக்கத் தூக்கமும் இல்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பால் பொங்கியது. ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும் என்றிருந்த வீட்டில் அம்மா எங்கிருந்தோ கோழி வாங்கி வந்திருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் கேட்டார்: "அந்த ஊர்ல ஒரு நாள் பேருக்கு எவ்வளவு குடுக்கிறாங்க?"

பயணமே இல்லையென்றான பிறகு ஏன் கேட்கிறார் என்று தெரியவில்லை. மே 1 முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 ரிங்கிட். 26 நாளால் வகுத்து, நாளுக்கு 57 ரிங்கிட் சொச்சம், நம்ம காசில் 4,000-க்கும் மேல் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுச் சட்டி கழுவப் போய்விட்டார். வகுத்த கணக்கை நான் விடவில்லை. மார்ச் 4-இல் எழுதிய 40 ரிங்கிட் கட்டில், அன்று கிட்டத்தட்ட அம்மாவின் இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம். கணக்கில் நாங்கள் பணக்காரர்களாகத்தான் தெரிந்தோம்.

ஏப்ரல் 20

பெற்றோலும் டீசலும் மறுபடி ஏற்றம். பஸ் கட்டணமும் ஏறுகிறது. கொட்டக்கலைக்குப் போய்வருவதே யோசிக்க வேண்டிய பயணம்.

மே 1

மே தினம். மலேசியாவில் புதிய சம்பளம் இன்று முதல். தடுப்பூசி போட்டு வருகிறவர்களுக்கு பீசிஆரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பெரிய செலவு குறைந்திருக்கும்.

கணக்கு டீச்சர் வந்திருந்தார். பழக்கதோஷம், கொப்பியை எடுத்தோம். ரிங்கிட் 80 ரூபாய் அளவில். அதே கட்டில் இன்று 3,200 ரூபாய். ரூபாய் விழுந்ததால் கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ஏறியிருக்கிறது. கப்பலில் போகும் தேயிலைக்கு டாலர் வருகிறது. டாலரோடு சேர்ந்து எது எது ஏறியது என்று டீச்சர் வரிசையாக எழுதினார்: மா, பால்மா, மண்ணெண்ணெய், பஸ், பாண், தேயிலை. அம்மாவின் நாள் பேர் அந்தப் பட்டியலில் வரவில்லை. ஆண்டுக்கணக்காகக் கேட்டு 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த ஆயிரம் ரூபாய், இன்றைக்கும் அதே ஆயிரம் ரூபாய்.