பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தோட்டத்துக் குடும்பம் புதிது வாங்க ஈராயிரம் ரிங்கிட்டுக்கு எங்கே போகும்?

தம்பி மகனின் மடிக்கணினியில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவசத் திறமூல இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். 4 ஜிபி ரேம்தான். அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. லிப்ரே ஆபிஸில் பாட வேலை நடக்கிறது. சில விளையாட்டுகள்தான் ஓடவில்லை. அவன் அம்மாவுக்கு அதில் துளியும் வருத்தமில்லை!

இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் மலேசிய அரசாங்கமே 2004-இல் பொதுத்துறைக்குத் திறமூலப் பெருந்திட்டம் வகுத்தது. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான்.

கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு, யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.