திருப்புளியும் நாமும்

திருப்புளியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் இதை எழுதியிருந்தால் நாமும் நகைத்தே இருப்போம். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, தோட்டத்து ஆபீசில் பேரேடும் செக்ரோலும் எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நமக்குப் பேனாவன்றி வேறு கருவி வேண்டுவதில்லை என்பதே அக்காலத்து நமது எண்ணம். திருப்புளி பட்டறைக்காரர் சாமான், வைத்தால் திருப்பும், அதிற் கற்க என்ன இருக்கிறது?

நமது துரையிடம் (நிர்வாகியைத் துரை என்றழைக்கும் வழக்கம் நம்மவரை விட்டு எளிதிற் போவதாயில்லை) பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் கைவேலையாகச் செய்யப்பட்டது; முன்னிருந்த வெள்ளைக்காரத் துரை வழியாக அவருக்கு வந்தது. உரிமம் புதுப்பிக்கும் நாள் நெருங்கவே, அதனை ஆபீசு மேசைமேல் வைத்து, தோட்டா இல்லையென்பதை இருமுறை திறந்து காட்டி, வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குச் சென்றார். துடைத்தோம். பக்கத்துப் பூட்டுத் தகட்டின் ஓரத்தில் மெல்லிய துரு தெரிந்தது. தகட்டைக் கழற்றி உள்ளேயும் எண்ணெயிட்டால் துரை மெச்சுவார் என்று ஓர் ஆசை. மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்த திருப்புளியைக் கொணர்ந்து ஆணித்தலையில் வைத்து முறுக்கினோம். அசையவில்லை. மேலும் பலமாக முறுக்கினோம். திருப்புளி வெட்டைவிட்டு எகிறிற்று. ஆணித்தலையின் விளிம்பு பிசிறாய்க் கிளம்பி நின்றது. அருகே, தகட்டின் பூவேலைக்குக் குறுக்கே, அரை விரல் நீளத்திற்கு வெள்ளைக் கீறல்.

அதைத் துரை மாலையிற் கண்டார். சென்ற வாரந்தான் துப்பாக்கிப் பெட்டியின் பூட்டைச் சரிசெய்ய ஆலையிலிருந்து பிட்டரை வரவழைத்திருந்தார். ஆகவே குற்றம் அவர்மேல் விழுந்தது. ஆபீசு வாசலில் நிற்கவைத்து, ஐம்பது வயதைக் கடந்த அம்மனிதரைத் துரை கடிந்துகொண்டார். நாம் உள்ளே மேசைக்குப் பின்னால், பேனாவுங் கையுமாய், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். வாய் திறக்கவில்லை. அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை என்று எழுதுவது எளிது. உண்மையில் சிறிது உறங்கினோம். அதுவே இன்றும் உறுத்துகிறது.

மறுநாட் காலை துரையிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "பிட்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்களும் போய்ச் சொல்லுங்கள்" என்றார். பட்டறைக்குச் சென்று சொன்னோம். பிட்டர் அரத்தைக் கீழே வைக்காமலே, "கிராணி ஐயா, அது என் கை செய்த கீறல் இல்லையென்று எனக்கு அப்போதே தெரியும். யார் கை என்றும் தெரியும்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க நமக்குத் துணிவில்லை.

அடுத்த வாரம் துரை நம்மையும் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள சீனத் தவுக்கே முதியவர். ஆணியைப் பூதக்கண்ணாடியாற் பார்த்தார், நம்மைப் பார்த்தார், "என்ன திருப்புளி?" என்று மலாயில் கேட்டார். நாம் சொன்னதும், மோட்டார் திருப்புளி ஒன்றையும் தமது கருவி ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினார். அரை மணி நேரத்தில் அவர் காட்டியதை எந்தப் பள்ளியிலும் நாம் கற்றதில்லை.

சாதாரணத் திருப்புளியின் அலகு உளியைப் போன்றது. மேலே தடித்து, நுனி நோக்கிச் சரிந்து மெலிவது. ஆணித்தலையின் வெட்டோ நேர்ச்சுவர் உடையது. சரிந்த அலகு அதனுள் இறங்கும்போது மேல்விளிம்பை மாத்திரமே தொடும்; கீழே வெற்றிடம். முறுக்கும் விசையெல்லாம் அம்மெல்லிய விளிம்பின்மேல் விழ, அலகு தன் சரிவு வழியே மேலேறி வெளியே எகிறுகிறது. நமக்கு நேர்ந்தது இதுதான். ஆகலின் துப்பாக்கிக்குரிய அலகின் இரு முகங்களும், வெட்டின் ஆழம் மட்டுமாவது, ஒன்றுக்கொன்று இணையாய் இருத்தல் வேண்டும். சிறிய சாணைச் சக்கரத்தின் வளைவில் இரு புறமும் குழித்துத் தீட்டினால் இது கைகூடும். உயர்ந்த ஆங்கிலத் துப்பாக்கிகளின் வெட்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது. அலகு அதனுள் ஆடாமல், அடிவரை போய் உட்காரவேண்டும். அலகின் அகலம் ஆணித்தலையின் விட்டத்திற்கு மயிரிழை குறைவாயிருக்கலாம். கூடினால் சுற்றியுள்ள தகட்டைக் கீறும். மிகக் குறைந்தால் விசை நடுவிற் குவிந்து வெட்டைச் சிதைக்கும். எனவே ஒரு துப்பாக்கிக்கு ஒரு திருப்புளி போதாது. ஆணியைப் பார்த்தே அலகு. பொருந்தும் அலகு இல்லையேல் ஒன்றைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

தவுக்கே வெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "பெலான் பெலான்" என்று சொல்லி, ஆணியை மறுநாள் வரை ஊறவிட்டார். பிசிறை அவர் அராவவில்லை. அராவினால் உலோகம் போய்விடுமாம். மினுக்கிய சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, கிளம்பிய விளிம்பைப் பழைய இடத்துக்கே இறக்கினார்.

கடைத்தெரு ஆணி ஒன்றை மாற்றிப் போட்டால் என்ன என்று நாம் கேட்டது பேதைமை. 1841ஆம் ஆண்டிலேயே விட்வொர்த் என்பார் திருகு மரைகளுக்குப் பொது அளவு வகுத்துவிட்டார். ஆயினும் லண்டன், பர்மிங்ஹாம் நகரங்களில் கையாற் செய்த துப்பாக்கிகளில் ஒவ்வோர் ஆணியும் அதனதன் துளைக்கென்றே கடையப்பட்டது. இறுக்கி முடிந்தபின் வெட்டுகள் குழல் செல்லும் திசையிலேயே நிற்கும். தகட்டின் பூவேலை ஆணித்தலையின் மேலும் தொடர்ந்து ஓடும். அத்தொழிலாளர் ஆணியைப் 'பின்' என்றும், திருப்புளியை 'டர்ன்ஸ்க்ரூ' என்றும் வழங்குவர். துப்பாக்கிப் பெட்டியிலேயே அளவான டர்ன்ஸ்க்ரூக்களை வைத்துக் கொடுப்பதுமுண்டு. திருப்புளியே வேண்டாமல் கையாற் கழற்றும் பூட்டுகளுக்கு வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1897இலும், ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் 1908இலும் காப்புரிமை பெற்றனர். நம்மைப் போன்றாரை எண்ணித்தானோ என்று பின்னர் படித்தபோது தோன்றியது.

துப்பாக்கியை நாம் மறுபடி தொடவில்லை. ஆனால் ஆபீசுப் பழைய டைப்ரைட்டரின் ஆணிகளும் நுண்ணியவையே. அவற்றிற்கு ஓர் அலகு செய்து பார்ப்போம் என்று தோன்ற, ஞாயிற்றுக்கிழமைகளில் பிட்டரிடம் போகலானோம். முதலில் அவர் அரம் பிடிக்கக் கற்பித்தார். இரண்டு ஞாயிறு அதற்கே போயிற்று. பின்பு பதம். காய்ச்சி எண்ணெயிற் தோய்த்த எஃகு கண்ணாடிபோல் ஒடியும். அதன் முகத்தை மினுக்கி மீண்டும் மெல்லச் சூடேற்றினால், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் ஓடிவரும். மஞ்சள் ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி சென்டிகிரேடு. நீலம் 300 டிகிரியை ஒட்டி. மஞ்சளில் நிறுத்தினால் அலகு முறியும். நீலத்தைக் கடந்தால் முறுக்கிக்கொள்ளும். ஊதா நீலமாக மாறும் நொடியில் எடுக்கவேண்டும். நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். பிட்டர் நிறத்தைப் பார்த்தார்.

நமது முதல் திருப்புளி முறிந்தது. இரண்டாவது, சாணையில் அவசரப்பட்டுத் தீட்டியதால் நுனி வெந்து பதங்கெட்டது. மூன்றாவதைப் பிட்டர் டைப்ரைட்டர் ஆணியில் வைத்து, கையை எடுத்தார். அது சாயாமல் நின்றது. திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லாமல் துணியில் துடைத்துத் தம் கருவிப்பெட்டியில் போட்டுக்கொண்டார். நமக்கு வேறொன்று செய்துகொள்ள வேண்டியதாயிற்று.