பாஸ்புக்கில் பதினாறு வரிகள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது பெரியோர் வாக்கு. இதைக் கட்டுரை நோட்டில் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால் இதன் பொருளை ஒரு வங்கிப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கற்கும் வாய்ப்பு 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் எங்களுக்குக் கிடைத்தது. 'எங்களுக்கு' என்றால் பத்தாம் வகுப்பில் ஒருத்தியும் எட்டாம் வகுப்பில் ஒருத்தியுமாகிய அக்காள் தங்கை இருவருக்கும் என்று தோழியர் அறிந்துகொள்க.

எங்கள் அத்தை எங்களுடனேயே இருக்கிறார்கள். வயது நாற்பத்தெட்டு. தையல் தொழில். தைத்துக் கிடைக்கும் பணத்தை வங்கியில் போட்டு, வேண்டியபோது எடுப்பது அவர்கள் வழக்கம். ஏ.டி.எம். இயந்திரத்தைக் கண்டால் அவர்களுக்குப் பயம். ஆகையால் பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் இரண்டு ஆண்டுகளாக அவர்களுடன் சென்று பணம் எடுத்துத் தருவார். ரகசிய எண்ணும் அவருக்குத் தெரியும்.

ஜூன் மாதத்தில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்த அத்தையின் முகம் வாடியிருந்தது. ஓராண்டில் தாம் எடுக்காத பணம் பதினாறு முறை கணக்கிலிருந்து போயிருந்தது. கூட்டிப் பார்த்தால் 2,453 ரூபாய் 30 காசு. "காசு போனாப் போகுது, பிள்ளைகளா. நம்பினவனே எடுத்துட்டானேன்னுதான் மனசு கிடந்து அடிக்குது" என்றார்கள். அந்த அண்ணனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் ஒருவரிடம் சொன்ன சொல் நான்கு வீடு தாண்டி அவருடைய அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. இரு வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றது.

"அத்தை, எங்ககிட்ட பாஸ்புக்கைத் தாங்க, பார்க்கிறோம்" என்று கேட்டு வாங்கினோம். ஒரு நோட்டில் நாள், தொகை, குறிப்பு என மூன்று கட்டங்கள் போட்டோம். முதலில், ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்தை எல்லாம் அத்தையின் வீட்டுச் செலவு நோட்டுடன் ஒப்பிட்டோம். ஓராண்டில் இருபத்திரண்டு முறை எடுத்திருந்தார்கள். இருபத்திரண்டும் மளிகை, நூல்கண்டு, மருந்து என்று நோட்டில் இருந்தன. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆகவே, போன பணம் ஏ.டி.எம். வழியாகப் போகவில்லை என்பது முதல் நாளே தெளிவாகிவிட்டது.

பின்பு அந்தப் பதினாறு வரிகளையும் தொகைவாரியாகப் பிரித்தோம். 17 ரூபாய் 70 காசு நான்கு முறை, சரியாக மூன்று மாதத்திற்கு ஒன்று. 147 ரூபாய் 50 காசு ஒரு முறை. 295 ரூபாய் மூன்று முறை. 149 ரூபாய் ஆறு முறை, மாதம் ஒன்று. 436 ரூபாய் ஒரு முறை, 20 ரூபாய் ஒரு முறை, இரண்டும் மே மாதக் கடைசியில். திருடுகிறவன் நாள்காட்டி பார்த்து, காசு கணக்கோடு திருடுவானா என்ற ஐயம் எங்களுக்கு அப்போதே எழுந்தது.

இங்கே கணக்குப் பாடம் எங்களுக்குக் கை கொடுத்தது. வங்கி வாங்கும் கட்டணத்தின் மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு. இந்த வரி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாய்க் கட்டணம் 118 ரூபாயாகிறது. அப்படியானால் பாஸ்புக்கில் உள்ள தொகையை 1.18-ஆல் வகுத்தால் முழு எண் வரவேண்டுமல்லவா? 17.70-ஐ வகுத்தோம்; 15 வந்தது. 147.50-ஐ வகுத்தோம், 125 வந்தது. 295-ஐ வகுத்தோம், 250 வந்தது! மற்ற மூன்று தொகைகளும் அவ்வாறு வகுபடவில்லை. ஆகவே முதல் மூன்றும் வங்கிக் கட்டணமாக இருக்கலாம், மற்றவை வேறு இடத்திற்குப் போயிருக்கலாம் என்று ஊகித்தோம்.

ஊகம் மட்டும் போதாது. ஜூன் மூன்றாம் சனிக்கிழமை அத்தையுடன் வங்கிக்குச் சென்றோம். கணக்குக்கு உரியவர் கேட்டால்தான் விவரம் சொல்வார்கள் என்பதால், எங்கள் நோட்டைப் பார்த்து அத்தையே ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மையார் பொறுமையாக விளக்கினார்கள். 15 ரூபாய் என்பது செல்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கான காலாண்டுக் கட்டணம். 125 ரூபாய் ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம். இக்கட்டணங்கள் வங்கிக்கு வங்கி மாறுபடும்.

295 ரூபாயின் கதைதான் வருத்தமானது. அத்தை புதிய தையல் இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தார்கள். மாதந்தோறும் ஐந்தாம் தேதி தவணையைக் கணக்கிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம் என்று கடையில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தையின் வாடிக்கையாளர்களோ ஏழு, எட்டுத் தேதிக்கு மேல்தான் பணம் தருவார்கள். மூன்று மாதங்களில் ஐந்தாம் தேதி கணக்கில் போதிய பணம் இல்லை. தவணை திரும்பிப் போனது. திரும்பிப் போனதற்கு வங்கி ஒவ்வொரு முறையும் 250 ரூபாயும் வரியும் எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் தாமதத்திற்கு 295 ரூபாய்! அதற்கு எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று அத்தை விரல்விட்டு எண்ணினார்கள்.

436 ரூபாயும் 20 ரூபாயும் காப்பீட்டுக்கான பணம். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு தொடங்கிய இரண்டு திட்டங்களில் அத்தை அப்போதே சேர்ந்திருக்கிறார்கள். ஒன்று ஆயுள் காப்பீடு, மற்றொன்று விபத்துக் காப்பீடு. இரண்டிலும் இறப்புக்கு இரண்டு இலட்சம் ரூபாய் கிடைக்கும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 330 ரூபாயும் 12 ரூபாயுமாக இருந்த தொகை 2022-இல் 436 ஆகவும் 20 ஆகவும் உயர்ந்தது. வீட்டிற்கு வந்து பிஸ்கட் டப்பாவில் இருந்த பழைய பாஸ்புக்குகளைப் புரட்டினோம். 2015 முதல் ஆண்டு தவறாமல் அந்த வரிகள் இருந்தன. 2015-இல் பக்கத்து வீட்டு அண்ணன் நான்காம் வகுப்புச் சிறுவன்!

அத்தை கையெழுத்திட்ட படிவத்தில் நாமினியாக எங்கள் ஆச்சியின் பெயர் இருந்தது. ஆச்சி 2019-இல் காலமாகிவிட்டார்கள். பத்து ஆண்டுகளாகப் பணம் கட்டியும், அந்தப் பெயரை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தேகம் வந்து விசாரித்ததால் அத்தை அன்றே அதற்கான தாளை எழுதிக் கொடுத்தார்கள்.

எஞ்சியது 149 ரூபாய். அது அத்தையின் செல்பேசிக்குள்ளேயே இருந்தது. ஏழு நாள் இலவசமாகத் திரைப்படம் பார்க்கலாம் என்ற விளம்பரத்தைத் தொட்டு அத்தை சம்மதம் கொடுத்திருந்தார்கள். இலவச நாள் முடிந்ததும் மாதந்தோறும் தானாகப் பணம் போயிற்று. போவதற்கு ஒரு நாள் முன்பே ஆங்கிலத்தில் செய்தி வந்திருக்கிறது. அத்தை அதை விளம்பரம் என்று விட்டுவிட்டார்கள். பணம் அனுப்பும் செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்து, அந்தச் சம்மதத்தை அத்தையே ரத்து செய்தார்கள்.

பதினாறு வரிகளுக்கும் விடை கிடைத்தது. போன பணத்தில் ஒரு காசும் திரும்பி வரவில்லை. ஆனால் அத்தை அன்று மாலையே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டிற்குப் போனார்கள். நாங்களும் உடன் போனோம். "தம்பி, விசாரிக்காமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதே" என்றார்கள். அவருடைய அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து உள்ளே சென்று காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த அண்ணன் மட்டும், "இனிமேல் கார்டை நான் வாங்க மாட்டேன் அத்தை. நீங்களே போடுங்க, நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை. ஆயினும் பழைய நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது என்பதை நாங்கள் உணர்ந்தோம். 2,453 ரூபாயை அத்தை மீண்டும் தைத்துச் சம்பாதித்துவிடலாம். அந்தக் கீறலைத் தைக்க எவ்வளவு காலம் ஆகுமோ!

வங்கி அதிகாரி சொன்ன வேறு சிலவற்றையும் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறோம். ரகசிய எண்ணை எவ்வளவு வேண்டியவரிடமும் சொல்லக்கூடாது. அது நம் பணத்திற்கு மட்டும் காவல் அன்று. எண்ணை அறியாதவர்மேல் வீண்பழி விழாமல் அவருக்கும் அதுவே காவல். உண்மையிலேயே முன்பின் தெரியாதவர் பணத்தை எடுத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தால் இழப்பு நம்மைச் சேராது என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து முப்பது நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இப்போது அத்தை மாதம் மூன்றாம் தேதிக்குள் தவணைப் பணத்தைக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். மாதக் கடைசியில் பாஸ்புக்கை எங்களிடம் தந்து, "வாசிங்க பிள்ளைகளா" என்கிறார்கள். நாங்களும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறோம். தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பாஸ்புக் பீரோவில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்டு வாங்கி, உடன் அமர்ந்து வாசித்துக் காட்டுங்கள். புரியாத வரி ஒன்று தென்பட்டால் முதலில் நோட்டில் குறித்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள். அதற்குமுன் எவர் பெயரையும் வாயால் சொல்லாதீர்கள்.